ஸ்டுடியோ வீணை

இடைசெவல்
10-12-1961

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

நிச்சயமான பெண் மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மன்னிக்க வேண்டும். ‘ஐயா’ என்று போட்டது லீவு லெட்டர் மாதிரி இருக்கிறது. வேறெப்படி அழைப்பது என்று தெரியவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று உங்கள் அப்பா மூலையைக் காட்டி, “அங்கன என்ன, மத்தளமா?” என்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் என் அப்பா, “நம்ம நல்லக்கண்ணு தட்டுவான்” என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்ட உங்கள் அப்பா என் அண்ணன் நல்லக்கண்ணுவின் முதுகில் தட்டி, “ஏலே மருமவனே, மார்கழி ரெண்டாம் சனிக்கிழமை எங்க ஊர்ப் பஜனைக்கு நீதாம்ல வாசிக்க” என்றார்கள்.

அந்த மிருதங்கம் என்னுடையது. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி அக்தர் பானு பாடுவாள்; நான் டிரங்குப் பெட்டியில் தாளம் போடுவேன். அதைக் கேட்ட பாட்டு டீச்சர்தான் என்னை மிருதங்கத்தின் முன் உட்காரவைத்தார்கள். எனக்குப் பாட வராது. ஆடு மேய்க்கிற வீடு என்றதும், நான் வேலை பார்க்கிற கோவில்பட்டிப் பள்ளியில் ‘புல்லாங்குழல் ஊதுவாயா’ என்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டிலோ, ஆட்டுத் தோலை விற்கலாமாம், பெண்பிள்ளை அதைத் தட்டக் கூடாதாம்.

நீங்கள் வாங்கிப்போன போட்டோவில் என் மடியில் இருக்கும் வீணை ஸ்டுடியோவுடையது. படித்த பெண் என்றதும் ஸ்டுடியோக்காரர் தாமாகவே தூக்கி வைத்துவிட்டார். அதில் எத்தனை தந்தி என்றுகூட எனக்குத் தெரியாது.

“ஏட்டி, ரெண்டு அடி சொல்லிக்குடு, சமாளிச்சிருதேன்” என்று அண்ணன் தினமும் வந்து உட்காருகிறான். கும்பிடும்போதுகூட அவனுக்கு இரண்டு கையும் ஒரே நேரத்தில் வந்து சேராது. எனக்கு அலுத்துவிட்டது. உங்கள் ஊர் முன்னால் அவன் தலைகுனிய வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஆவுடைத்தாய்


மணியாச்சி
14-12-1961

அன்புள்ள ஆவுடைத்தாய்க்கு,

கடிதம் கிடைத்தது. அத்தான் என்றே எழுதலாம்.

உண்மையைச் சொன்னது நல்லது. எனக்கு அதில் குறையில்லை. அம்மாவிடம் மட்டும் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். “பொட்டப்பிள்ள தொடையில போட்டு அடிக்குமா? நாலு பேரு என்னலே சொல்லுவாவ?” என்றாள். உன் வீணைப் படத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியாகிவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம், “எம் மருமவ வீணை வாசிப்பா” என்கிறாள்.

ஆகவே அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். நல்லக்கண்ணுவைக் கையில் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு, காயம் என்று சொல்லி அனுப்பச் சொல். மிருதங்கம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். ஊருக்கு வரும்போது வாசித்துக்கொள்ளலாம்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. ஸ்டேஷன் டூட்டியில் ஒரு ரயில் போய் அடுத்த ரயில் வரும்வரை நான் தலையணை உறையில் பூத்தையல் போடுவேன். வீட்டில் கேட்டால் கூட வேலை பார்ப்பவரின் மனைவி போட்டுக் கொடுத்தது என்பேன். எட்டு வருஷமாகிறது. ஒன்றும் குறைந்துபோகவில்லை.

அன்புடன்,
சுந்தரபாண்டி


இடைசெவல்
28-12-1961

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

நலம். இங்கே கம்பு அறுப்பு முடியப்போகிறது. நீங்கள் சொன்னபடியே அண்ணன் வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டான். பஜனைக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டதாக மாமா சொல்லியனுப்பினார்கள். அதோடு முடியும் என்று நினைத்தேன்.

தெருவில் எல்லாரும் விசாரித்தார்கள். வெயிலுகந்தம்மாள் அத்தை பச்சிலையை அரைத்தே கொண்டுவந்துவிட்டாள். “கட்டை அவுருலே, பாப்போம்” என்று நின்றாள். அம்மா பதறிப்போய், “இப்பத்தான் மதினி மஞ்சப் பத்துப் போட்டேன்” என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக உள்ளே போய் நிஜமாகவே மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டாள். காயமே இல்லாத கைக்கு. நாலு நாள் அண்ணன் இடது கையால் சாப்பிட்டான். ஆடுகளைப் பட்டியில் அடைக்க அப்பா தனியாக ஓடினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஒரு நாள் பஜனைக்கே இவ்வளவு. உங்கள் வீட்டில் யாராவது ஒரு வீணையைக் கொண்டுவந்து வைத்து, “வாசிம்மா” என்றால் நான் எந்தக் கையில் கட்டுப் போடுவேன்?

ஒன்றும் குறையவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் பலமுறை படித்தேன். உறையில் என்ன பூ போடுவீர்கள் என்று எழுதவில்லையே. இந்த எட்டு வருஷத்தில் ‘இது நல்லாருக்கு’ என்று ஒருவராவது உங்களிடம் சொன்னார்களா?

சனிக்கிழமை பள்ளி விட்டதும் அதே ஸ்டுடியோவுக்கு மிருதங்கத்தை எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் கண்டக்டர், “யாருக்கும்மா கொண்டுபோறீக?” என்றார். “எனக்குத்தான்” என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பேசி அன்றுதான் கேட்டேன். ஸ்டுடியோக்காரர் ஹுமாயூன் அண்ணாச்சி, “வீணை சும்மாதானம்மா கெடக்கு?” என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார். படம் இதனுடன் இருக்கிறது. முகம் கொஞ்சம் களைத்துத் தெரிகிறது. வேறு படம் எடுக்கப் போவதில்லை.

கேட்க நினைத்ததைக் கடைசிவரை தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். சுவரில் இருக்கும் வீணைப் படத்தை எடுத்து எனக்கு அனுப்பிவிடுங்கள். அந்தக் கண்ணாடிக்குள் இந்தப் படத்தை வைக்க முடியாதென்றால், இதையும் சேர்த்தே அனுப்பலாம். தபால்தலை உள்ளே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆவுடைத்தாய்