அயிரையைத் தேடிக் கிளறிய மணல்

அன்பு மகள் யுவே-ஹாவுக்கு அப்பா சொல்லி எழுதுவது. கீலுங்கில் நானும் உன் அம்மாவும் இந்த ஓயாத மழையும் குறைவில்லாமல் இருக்கிறோம், வான்கூவரில் இருக்கிற உன்னையும் நம் துறைமுகத்துக் கடலம்மன் குறைவில்லாமல் வைத்திருக்க வேண்டும். நீ போனை எடுப்பதில்லை, எனக்கோ எழுத்துத் தெரியாது, அதனால் மீன்தொட்டிக் கடை பாவ்-சூ நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, படி இறங்க முடியவில்லை, பொழுது போகட்டும் என்று புத்தாண்டுக்கு நீ வாங்கித் தந்தாயே கண்ணாடித் தொட்டி, அதைப் பற்றி முதலில் சொல்கிறேன். அடியில் போட நான் கடற்கரை மணலை அள்ளி வருகிறேன் என்றதற்கு பாவ்-சூ, "உப்பு மணலப் போட்டு மீன கருவாடாக்கப் போறீங்களா பெரியப்பா" என்று சிரித்து ஒரு மூட்டை ஆற்று மணல் கொடுத்தாள். கலங்கல் போகும்வரை வாளி வாளியாக அலசினேன், உன் அம்மா வாசலில் நின்று, "கட்டின நாள்லேர்ந்து ஒருநா எனக்கு அரிசி கழுவிக் குடுத்திருக்கியா, மணலுக்கு மட்டும் இந்தக் குளிப்பாட்டா" என்றாள். மணல் கலையாமலிருக்க அதன்மேல் ஒரு தட்டை வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். உடனே மீன் விடக்கூடாதாம், தண்ணீர் பக்குவப்பட வேண்டுமாம், வாரக்கணக்கில் வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு நீலக் கோடு போட்ட சின்ன மீன்கள் கொஞ்சமும் ஒரே ஒரு அயிரையும் வந்தன. சோயாக்கட்டியோடு சட்டிக்குப் போகிற அயிரைக்குக் கண்ணாடி வீடா என்று முதல் நாள் சிரித்த உன் அம்மா, மறுநாளே அதற்குச் சோம்பேறி என்று பேர் வைத்துவிட்டாள்.

நான் செய்த தப்பு மணலில்தான். இரண்டு விரல் உயரம் போதும் என்று பாவ்-சூ சொல்லியிருந்தாள். அயிரை மணலுக்குள் புகுந்து படுக்கிற மீன், மெத்தை மாதிரி இருக்கட்டும் என்று மூட்டை முழுவதையும் கொட்டினேன், ஒரு சாண் இருக்கும். கொஞ்ச நாளில் சோம்பேறி உள்ளே போனவன் வெளியே வரவில்லை. அம்மா காலையில் கண் விழித்ததும் பல் தேய்க்காமல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள், "செத்துப்போச்சா இல்லையான்னு அத மட்டுமாவது சொல்லேன்" என்று என்னைப் பிடுங்கினாள். கடையில் போய்க் கேட்டேன். "உசுரோடதான் இருக்கும், கிளறிடாதீங்க, ஆழத்துல கெட்ட காத்து அடைஞ்சு கெடக்கும்" என்று பாவ்-சூ படித்துப் படித்துச் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை மகளே. சாப்பிடுகிற குச்சியை எடுத்து மூலை மூலையாகக் கிளறினேன். அடிமணல் கறுத்துப் போயிருந்தது, குமிழி குமிழியாக வந்தது, அழுகின முட்டை நாற்றம். நீலக் கோட்டு மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன, மத்தியானத்துக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. சோம்பேறி மட்டும் நான் கிளறாத மூலையிலிருந்து வந்து, மேலே போய் ஒரு வாய் காற்று குடித்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டது. உயிரோடுதான் இருந்திருக்கிறது. உன் அம்மா என்னைத் திட்டவில்லை, செத்ததையெல்லாம் பால்கனிச் சட்டியில் இருக்கிற செம்பருத்தியடியில் புதைத்துவிட்டு அன்றைக்குச் சோறு உண்ணாமல் படுத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை எங்கே என்று நான் கேட்கக் கேட்க, வெளியூர் வேலை என்று நீ சொன்னதும், அதை நம்பாமல், அங்கேயே வேலை பார்க்கிற பக்கத்து வீட்டு லிம்முடைய மருமகனை உன் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்து வரச்சொல்லி அனுப்பியதும் அன்றைக்கு முழுவதும் எனக்கு நினைவில் ஓடின. அவன் போன மறுநாளிலிருந்துதானே நீ போனை எடுக்கவில்லை. ஆறு வயதில் கோபம் வந்தால் பச்சை அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாய், நான் காலைப் பிடித்து இழுப்பேன், நீ ஊரைக் கூட்டுவாய். அம்மா கொய்யாவை நறுக்கிப் பிளம் பொடி தூவி தரையில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவாள், தட்டு காலியானதும் நீயே வந்து மடியில் விழுவாய். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அந்தப் பக்குவம் எனக்கு வரவில்லை.

இப்போது மணலை ஒரேயடியாக எடுக்காமல் நாளுக்கு ஒரு கிண்ணமாகக் குறைத்து வருகிறேன், தண்ணீரையும் பிடித்து வைத்து ஆறவிட்டுத்தான் மாற்றுகிறேன். ஆள் நின்றால் சோம்பேறி தலைகாட்டுவதில்லை. அதனால் உன் அம்மா தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவரைக்காய் உரிக்கிறாள், எதிரே அணைத்து வைத்த டிவிக் கண்ணாடியில் தெரிகிற தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேற்று, "வந்துடுச்சு, நீ திரும்பிக் கிரும்பித் தொலைக்காத" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். பாவ்-சூ இதை எழுதிக்கொண்டே, "எம் பேச்சக் கேட்டிருந்தா எனக்கு இந்த எழுத்து வேலையே மிச்சம்" என்கிறாள், அதையும் எழுதச் சொல்லிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். நீ எங்கே இருந்தாலும், யாரோடு இருந்தாலும், தனியாக இருந்தாலும், எங்கள் ஆசீர்வாதம் உன் தலைமேல் இருக்கிறது. மறந்துவிடாதே என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான். மனது வந்த நாளில் ஒரு தரம் மணியடித்துவிட்டுப் போனை வைத்துவிடு. நாங்கள் எடுக்க மாட்டோம், திருப்பியும் கூப்பிட மாட்டோம். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

இப்படிக்கு,
கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரை பதித்திருக்கும் உன் அப்பா,
சுய்-போ