ஐகான் இல்லாத ஆப்

பெப்ரவரி 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். லிந்துலை டவுன் முழுக்கச் சேறு. பள்ளிக்கூடம் விட்டு வந்து உடுப்புக்கூட மாற்றாமல் லெப்டொப் முன்னால்.

நாங்கள் நடத்தும் இலவச ஆப் தொகுப்பில் சேர்க்கச் சொல்லிப் புதிதாக மூன்று வந்திருக்கின்றன. நானும் கனடாவில் இருக்கும் பிரணவனும் சரி சொன்னால்தான் உள்ளே போகும்.

— தமிழ்க் கீபோர்ட். சேர்க்கலாம்.
— மழை ஆப். உள்ளே விளம்பரத்தை ஒளித்து வைத்திருக்கிறான். போடா.
— 'குடும்பக் காவல்'. வீட்டு ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும். லைசன்ஸ் சரி, கோட் சுத்தம். போனில் போட்டதும் ஐகான் மறைந்துவிடுகிறது, அதுதான் உறுத்துகிறது. பிரணவன்: "எங்கட விதியில இதைத் தள்ள இடமில்லை அக்கா." நாளைக்குச் சரி போட்டுவிட வேண்டும்.

தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு உதட்டில் தையல். முன்பல் ஒன்று போய்விட்டது. அவள் புருஷன் ரொபட்டின் கையை முறித்து அடுப்பில் வைத்தாலும் என் ஆத்திரம் தீராது. என் வீட்டுக்குத்தான் முதலில் தேடி வருவான். அதனால் அவளை வட்டகொடையில், என்னோடு படிப்பிக்கும் சாந்தி டீச்சர் வீட்டில் விட்டிருக்கிறேன். சாந்தியை அவனுக்குத் தெரியவே தெரியாது.

10, செவ்வாய்

வந்துவிட்டான். நேரே சாந்தி வீட்டு வாசலுக்கு. யாரிடமும் வழி கேட்கவில்லையாம். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் கதவை வெட்டியிருக்கிறான். "வெளிய வாடி! நீ எங்க போனாலும் எனக்குத் தெரியும்டி!"

சாந்தியின் வீட்டுக்காரர் பின்பக்கமாக வந்து விறகுக் கட்டையால் மண்டையில் ஒன்று போட்டாராம். பக்கத்து லயத்து வீட்டு ஆட்கள் ஓடிவர, ரத்தம் ஒழுக ஒழுகத் தேயிலைக்குள் பாய்ந்து தப்பிவிட்டான். பொலிஸில் எழுதிக்கொண்டார்கள்.

போய்ப் பார்த்தேன். ஒரு வெட்டு கதவின் மறுபக்கம் வரை வந்திருக்கிறது. அங்கேதான் ஸ்டெல்லா முதுகைக் கொடுத்து நின்றிருக்கிறாள்.

"அவனுக்கு எப்பிடிக்கா தெரிஞ்சிச்சு?"

தெரியவில்லை. அந்தக் கட்டை என் கையில் இருந்திருந்தால் அவன் எழுந்து ஓடியிருக்க மாட்டான்.

11, புதன்

வெயில். லீவு.

எங்கே போனாலும் தெரியும் என்றானே. குடும்பக் காவலின் கோட் முழுவதையும் திரும்பத் திறந்தேன். ஐகான் மறைந்தபிறகு 'பெட்டரி சேவை' என்ற பெயரில் ஓடுமாம். ஸ்டெல்லாவின் போனை வாங்கிப் பார்த்தால், பெட்டரி சேவை. போன மாதம் ரிப்பேர் செய்து தருகிறேன் என்று வாங்கிப் போனானாம். எங்கள் தொகுப்பில் சேராமலே வெளியில் கிடைக்கிறது சனியன்.

நிராகரித்தேன். பிரணவன்: "அப்ப கத்தியையும் தள்ளுவீங்களோ அக்கா?"

"வெட்டு வாங்கப் போறவ பையிலேயே ஒளிஞ்சிருந்தா தள்ளுவேன்." கதவின் படத்தையும் அனுப்பினேன். பிறகு: "தள்ளுவம் அக்கா."

போனை உடைத்துப் போடச் சொன்னாள் சாந்தி. எனக்கு வேறு புத்தி. ஹட்டன் போய், நல்லதண்ணி பஸ்ஸில் ஏறி, கடைசி சீட்டு இடுக்கில் போனைச் செருகிவிட்டு இறங்கினேன். மலைக்கு யாத்திரை போகிற சீசன் கூட்டம், யாரும் கவனிக்கவில்லை. அலையட்டும் நாய். மலை ஏறி இறங்கிச் சாகட்டும்.

இனி அவன் போனின் பின்னால்தான் போவான் என்று ஸ்டெல்லாவை என் வீட்டுக்கே கூட்டி வந்தேன். சோறு சாப்பிட்டாள்.

13, வெள்ளி

பனி. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது போன். தமிழ் பேசும் கான்ஸ்டபிள். நல்லதண்ணியில் ரொபட்டைப் பிடித்துவிட்டார்களாம். கை தட்டப் போனேன்.

"இன்னொரு விஷயம் இருக்கு மிஸ்."

கம்பளித் தொப்பி விற்கும் பெண் ஒருத்தி பஸ்ஸில் போனைக் கண்டெடுத்திருக்கிறாள். அவன் அந்த நம்பருக்கு அழைத்திருக்கிறான். "போன் எங்கிட்ட பத்திரமா இருக்குங்க, கடைக்கு வந்து வாங்கிக்கிங்க" என்று வழியும் சொல்லியிருக்கிறாள். போய், என் பொண்டாட்டியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டு வெட்டியிருக்கிறான். வலது கை. எலும்பு வரை.

ஆஸ்பத்திரியில் நினைவோடு இருக்கிறாள். தொலைத்தவள் தேடுவாளே என்றுதான் எடுத்து வைத்தேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

"போன் எப்பிடி மிஸ் அந்த பஸ்ஸுக்குப் போச்சு?"

தொலைந்துவிட்டது என்றேன்.