டாரிலின் பேட்டரி ஜாக்கி

கூலாரா பண்ணை,
பேர்ட்ஸ்வில் பாதை.
ஜூலை 14

அன்புள்ள வெர்னாவுக்கு,

அடிலெய்டில் அக்கா வீட்டில் நீ சௌக்கியமாக இருப்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது. கடைசி வரியில், டாரில் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறாய். போன கடிதத்திலும் அதையேதான் கேட்டாய். நன்றாக இருக்கிறான். ஒரு சுற்றுப் பெருத்தும் இருக்கிறான். பக்கத்துப் பண்ணைக்கு வந்து ஒன்றரை வருஷமே ஆனவனைப் பற்றி உனக்கு ஏன் இவ்வளவு விசாரம் என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. முப்பத்தொரு வருஷம் உன்னோடு குடித்தனம் நடத்திய என்னிடம், காற்றாலை சரியாகிவிட்டதா என்று மட்டும் கேட்டிருக்கிறாய். சரியாகிவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன் இங்கே நல்ல மழை. பாதையை மூன்று நாள் மூடிவிட்டார்கள். தெற்குப் பக்கம் புல் முளைத்து, கன்றுகள் தேறிவிட்டன. உன் எலுமிச்சைச் செடியும் பிழைத்துக்கொண்டது.

முன்பெல்லாம் எவன் வண்டி சேற்றில் புதைந்தாலும் ரேடியோவில் என் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். என் கைஜாக்கியால், பிடியை இழுத்து இழுத்து, அதன் கம்பத்தில் ஓட்டை ஓட்டையாக ஏற்றி எத்தனை வண்டிகளை எடுத்துவிட்டிருக்கிறேன். இப்போது, "டாரில், கேக்குதா? அந்தப் பேட்டரி ஜாக்கியக் கொண்டாப்பா" என்கிறார்கள். மே மாதம் தபால் வண்டிக்காரன் நம் வாசலிலேயே புதைந்துபோய், அங்கே நின்றுகொண்டே டாரிலைக் கூப்பிட்டான். எனக்கு வயிறு எரிந்தது.

நீயும் அவன் கட்சிதான். குதிரைப் பந்தயத்தன்று அவன் ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு, மறு கையால் பொத்தானை அழுத்தி லாரியைத் தூக்கிக் காட்டினான். நீ கைதட்டினாய். "பாத்துக்கோ க்ளெம், உன் தோள்பட்டைக்கு இதுதான் சரி" என்று அத்தனை பேர் எதிரில் சொன்னாய். பொம்மையெல்லாம் வாங்க மாட்டேன் என்றேன். "அப்ப அந்த இரும்பக் கட்டிக்கிட்டு அழு. நீ சாகறத நான் உக்காந்து பாக்க முடியாது" என்று கிளம்பிவிட்டாய். இரண்டு வாரத்தில் வருவதாகச் சொன்னாய். இது ஒன்பதாவது வாரம்.

போனை எடுப்பதே இல்லை என்று கோபித்துக்கொண்டிருக்கிறாய். எடுத்தாலும் பேச முடியாது. என் தாடை உடைந்துவிட்டது. பயப்படாதே, ஒட்டிக்கொண்டு வருகிறது. உன்னிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்று டாரிலுக்கு எழுதிக் காட்டியிருந்தேன். சொல்வதற்கு இத்தனை நாள் ஆகிவிட்டது.

பாதை திறந்த அன்று வடக்கே ஆழ்துளைக் கிணற்றைப் பார்க்கப் போனேன். வெளியே போகிறவன் எங்கே போகிறான், எப்போது திரும்புவான் என்று ரேடியோவில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லாமல் போனவர்களை நானே எவ்வளவு திட்டியிருக்கிறேன். அன்று நான் சொல்லவில்லை. சொன்னால் டாரில் காதில் விழும், நான் மாட்டிக்கொண்டால் அந்தப் பொத்தானோடு வந்து நின்று சிரிப்பான். வேறு காரணம் எதுவும் இல்லை, வெர்னா.

மாட்டிக்கொண்டேன். பின்சக்கரம் பாதிக்கு மேல் சேற்றில். ஜாக்கியைப் போட்டு இழுத்தேன், தோள் கெஞ்சியது. ஜாக்கியை ஒவ்வொரு ஓட்டையிலும் பூட்டும் ஆணியில் சேறு அடைத்திருந்ததால் அது ஓட்டைக்குள் சரியாக விழவில்லை. அது தெரியாமல் கையை எடுத்தேன். பிடி எகிறி வந்து தாடையில் அடித்தது. ஆணியைக் கழுவாமல் ஜாக்கியைத் தொடாதே என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவன் நான். வண்டிக்குள் ஊர்ந்து போய் ரேடியோவை எடுத்தால் வாய் அசையவில்லை.

மாலை நான்கு மணிக்கு டாரில் வந்தான். என்னைத் தன் வண்டியில் ஏற்றினான். பிறகு பலகை போட்டு, ஒயரை மாட்டி, பொத்தானை அழுத்தி என் வண்டியை எடுத்துவிட்டான். அந்த நிலையிலும் ஏதாவது குறை கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை.

போகிற வழியில்தான் சொன்னான். "வெர்னா ஊருக்குப் போறப்பவே சொல்லிட்டுப் போச்சு, பெருசு. 'அந்த மனுஷன் செத்தாலும் உன்னைக் கூப்பிட மாட்டார். காலைல ரேடியோவுல அவர் குரல் கேக்கலேன்னா நீயே தேடிப் போ'ன்னுச்சு. காலைலேர்ந்து தேடறேன்."

கடிதத்துக்குக் கடிதம் நீ அவனை விசாரித்தது, அவன் என்மேல் கண் வைத்திருக்கிறானா என்று தெரிந்துகொள்ளத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியில் அழுவதாக அவன் நினைத்துக்கொண்டான். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இத்தனை கரிசனத்தை என்னிடம் சொல்லாமல் அவனிடம் ஏன் சொன்னாய்? சொல்லியிருப்பாய், நான்தான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். இருந்தாலும் பொறாமையாகத்தான் இருக்கிறது.

டாக்டர் விமானத்தில் வந்து அழைத்துப் போனார். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், ஆறு வாரத்துக்கு. தினமும் டாரில் பூசணிக்காய் சூப் கொண்டுவருகிறான். அது ருசியாக வேறு இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை அவன் சாமான் ஏற்ற அடிலெய்டுக்கு வருகிறான். திரும்பும்போது உன்னை அழைத்து வர முடியுமா என்று நானே எழுதிக் கேட்டேன். தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, சரி என்றான். அந்த நீண்ட பயணம் முழுவதும் நீ அவன் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வர வேண்டும். வழியில் வண்டி புதைந்தால் அவன் பொத்தானை அழுத்தித் தூக்குவான். நீ பார்த்துக்கொண்டுதான் இருப்பாய். கைதட்ட வேண்டுமென்றாலும் தட்டு. நான் எதுவும் கேட்க மாட்டேன். அவனோடாவது வந்துவிடு.

உன் வரவை எதிர்பார்க்கும்,
க்ளெம்