'வாடா' என்று ஒரு கோப்பு

என் லோகன் மச்சானுக்கு,

பசியாறிட்டியா என்றுதான் இன்னும் வாயில் வருகிறது. பழக்கம் விடமாட்டேன் என்கிறது. நான் நல்லா இல்லைடா, களைப்பாக இருக்கிறது. பகலெல்லாம் குனோங் ராபாட்டில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அதற்கு மேல் நீ விட்டுப்போன இணையப்பக்கம்.

ஆயர் தாவார் பக்கத்து நம் ரப்பர் தோட்டத்தை விட்டு ஆளுக்கொரு மூலைக்குப் போன சனத்துக்குச் சாவுச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்று நீ செய்தது அது. யார் இறந்தது, எந்த வீடு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். சித்தியவான் ரோட்டில் மோட்டார் சைக்கிள் சறுக்கி நீ போனபோது உன் செய்தியையும் அதில்தான் போட்டேன். உன் அம்மா காலையில் உன் படத்தையும், கீழே சனங்கள் எழுதியதையும் பார்த்துவிட்டுத்தான் கோப்பி கலக்குவார்.

போன வாரம் போன் அடித்தார்.

"டேய் தினேசு, போன்ல என் புள்ள மூஞ்சியத் தொட்டா சூதாட்டம் வருதுடா. எவன்டா அவன் மேல சீட்டு போடுறான்?"

"எவனோ உள்ள பூந்துட்டான் அத்தே. நான் பாக்குறேன்."

"பூட்டு போட்டு வைக்க மாட்டீங்களாடா?"

உங்க மகன்கிட்ட கேளுங்க என்று சொல்ல வந்தேன். விழுங்கிவிட்டேன்.

எங்கேடா பூட்டு? படம் ஏற்றுகிற இடத்தில் எதைக் கொடுத்தாலும் நீ எழுதிய கோட் வாங்கி வைத்துக்கொள்ளும். படமா, படம் மாதிரி வந்த வேறு எதுவுமா என்று பார்க்கவே பார்க்காது. எவனோ ஒரு ஸ்கிரிப்ட்டை, தானே ஓடுகிற திருட்டு நிரலை, ஏற்றிவிட்டான். அந்தப் போல்டரிலேயே அது ஓடியும் இருக்கிறது. அப்புறம் சர்வர் முழுக்க அவன் வீடுதான்.

அப்போதே சொன்னேன், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அனுமதி கொடுக்காதே என்று. நீ சிரித்தாய்.

"லயத்துல எவன்டா கதவப் பூட்டுனான்? நம்ம ஆளுங்கதான் வருவாங்க லா."

லயத்து வரிசை வீடுகளுக்குத் தெரியாதவன் வந்தால் நாய் குரைக்கும் மச்சான். சர்வரில் எது குரைக்கும்?

சர்வர் கம்பெனிக்காரர்கள் பக்கத்தை நிறுத்திவிட்டார்கள். சுத்தம் செய்தால்தான் திறப்பார்களாம். உன் அம்மாவுக்குக் காலையில் வெறும் வெள்ளைத் திரை.

கோப்பிக் கடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலேஜில் ஒரு பாடத்துக்குக்கூட இப்படி உட்கார்ந்ததில்லை. படங்களை வெளியிலிருந்து நேராகத் தொட முடியாத இடத்துக்கு மாற்றினேன். வருகிற கோப்பு உண்மையில் படம்தானா என்று பார்த்து, புதுப் பெயர் வைத்து உள்ளே விடுகிற மாதிரி எழுதினேன். கோட் நடுவில் அம்மணமாகக் கிடந்த பாஸ்வர்டையும் தூக்கி வேறு இடத்தில் வைத்தேன். அந்நியன் போட்டதெல்லாம் போயிற்று.

கடைசியில் ஒன்று மிச்சம். அவன் போட்டதில்லை, நீ போட்டது.

நான் எப்போதும் பாஸ்வர்டை மறந்துவிடுவேன் என்று எனக்காக ஒரு பின்கதவு எழுதி, கோப்புக்கு 'வாடா' என்று பெயர் வைத்தாயே. அதைத் தட்டினால் போதும், கேள்வி கேட்காமல் உள்ளே விடும். கம்பெனிக்காரன் அதையும் கண்டுபிடித்துவிட்டான்.

"இதுவும் போகணும் பிரதர். இது இருந்தா நாளைக்கு இன்னொருத்தன் வருவான்."

சரிதான். அவன் சொன்னது சரிதான்.

அழிக்கும் முன்னால் ஒருமுறை தட்டினேன். திறந்தது. உள்ளே எனக்கு ஒரு வேலையும் இல்லை, சும்மா கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு அழித்தேன். மறுபடி தட்டினால், அப்படி ஒரு பக்கமே இல்லை என்கிறது. தெரிந்துதானே செய்தேன், ஏன் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தேன்?

பக்கத்தைத் திறந்துவிட்டதும் இன்று காலை உன் அம்மா பேசினார். "வந்துட்டான்டா தினேசு, சிரிக்கிறான்" என்றார்.

இனி பாஸ்வர்டை மறக்க மாட்டேன், சத்தியமாக. யாருக்கும் சொல்லவும் மாட்டேன். உனக்குக்கூட.

வெளியே நிற்கும்
உன் மச்சான் தினேஷ்