பையில் இல்லாத கைக்கடிகாரம்

மார்ச் 4, செவ்வாய்
இன்றும் வாய்தா. காலை பத்து மணியிலிருந்து வராந்தாவில் நின்று, நான்கு மணிக்குத் தேதி மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். கோர்ட்டு லிஃப்ட் மூன்றாம் மாடியில் இரண்டு விரற்கடை கீழேயே நிற்கிறது. பிரேக் தேய்ந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லித்தானே இந்தக் கதிக்கு வந்தேன்.

மார்ச் 5
நடந்ததை எழுதித் தரச் சொன்னார் வக்கீலம்மா. எழுதினேன். லிஃப்ட் கம்பெனி மெக்கானிக்காக நான் பார்த்துவந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், லிஃப்ட் பிரேக் சரியில்லை என்று பூட்டுப் போட்டேன். "விருந்தாளிங்க வர்றாங்க, தொறந்து விடுய்யா" என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் கத்தினார். திறக்கவில்லை. மறுநாள் அவர் கைக்கடிகாரத்தைக் காணோமாம், நான்தான் எடுத்தேனாம். அதற்கு மறுநாள் காலை என்னையும் என் கருவிப் பையையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பைக்குள்ளிருந்து கடிகாரம் வந்தது! பத்தொன்பது நாள் ஜெயில்.

திருட்டு வழக்கில் விடுதலைதான். ஆனால் "சந்தேகத்தின் பலனை அளித்து". சந்தேகம் அப்படியே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? கம்பெனி அப்படித்தான் எடுத்துக்கொண்டது, வேலை போயிற்று. அதனால்தான் செயலாளர் மேலும் இன்ஸ்பெக்டர் மேலும் வழக்குப் போட்டேன். நான் எடுக்கவில்லை என்று ஒரு கோர்ட்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஏப்ரல் 16
மச்சான் வந்திருந்தான். "விட்டுத் தொலைங்க மாமா, போலீஸோட மல்லுக்கட்டி யாரு ஜெயிச்சா?" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் மனைவி அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த இடத்தையே.

ஏப்ரல் 17
எல்லோரும் திருடன் என்றபோது இவள் ஒருத்தி நம்பினாள். அது போதும்.

ஜூன் 19
இவள் சாட்சி சொன்னாள். "பதினாலு வருஷமா பாக்கறேன், நல்ல மனுஷன்னு சொல்லுங்க, போதும்" என்று வக்கீலம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். கூண்டில் ஏறியதும் வேறு ஏதோ ஆரம்பித்தாள்.

"போலீஸ் வர்றதுக்கு முந்தின நாள் சாயங்காலமே செயலாளர் போன் பண்ணாரு. கடிகாரம் காணோம்னாரு. இவரு குளிச்சிட்டு இருந்தாரு. நான் பையைக் கொட்டிப் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவர் உறை வரைக்கும் தடவிப் பார்த்தேன். இல்லை. பையைப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். காலைல போலீஸுக்கு நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

எதிர் வக்கீல் எழுந்தார். "புருஷன் மேலயே சந்தேகமாம்மா?"

"ஆமா. பட்டேன்."

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"இவரு முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது?"

ஜட்ஜ் எழுதுவதை நிறுத்திவிட்டு இவளைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஜூன் 20
கேட்டிருக்கலாமே. குளியலறைக் கதவைத் தட்டி, எடுத்தீங்களான்னு ஒரு வார்த்தை — கேக்கலையே! இதை மனசில் வைத்துக்கொண்டா ஜெயிலுக்கு வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள்?

ஜூலை 2
உப்பு போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன்.

செப்டம்பர் 8
தீர்ப்பு. தெரிந்தே கொடுத்த பொய்ப் புகார், கடிகாரம் ஸ்டேஷனில்தான் பைக்குள் போடப்பட்டது, கைது சட்டவிரோதம், இவர் எதையும் திருடவில்லை. எல்லாவற்றையும் வாய்விட்டு வாசித்தார் ஜட்ஜ். கணவனைச் சந்தேகித்ததையே மறைக்காதவளின் சாட்சியை நம்பாமல் இருக்க முடியாது என்றும் வாசித்தார். வக்கீலம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவள் என்னை நம்பியிருந்தால் தோற்றிருப்பேன்.

செப்டம்பர் 15
கம்பெனி திரும்பக் கூப்பிட்டுவிட்டது. காலையில் பையைத் துடைத்து, ஸ்பானர்களை அடுக்கி, வாசலில் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். உறைகளைத் தடவிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இவள் பார்த்துக்கொண்டே நின்றாள். "பஸ் போயிடும்" என்றாள்.