சீரியஸ் எண்டு நான் அடிக்கேல்லை

சேசு மரி சூசை

விடத்தல்தீவு,
10.11.1966

அன்பு மகன் அருளப்புவுக்கு அம்மா எழுதுறது. நான் சுகமா இருக்கிறன். எல்லாரும் கடிதத்தில முதல் வரிக்கு எழுதுற சுகம் இல்லை இது, உண்மையான சுகம், அதை மனசில வைச்சுக்கொண்டு மிச்சத்தை வாசி. நீயும் அந்தப் பதுளைக் குளிரில மாதாவின்ர காவலில சுகமா இருப்பாய் எண்டு நம்புறன். நேற்று உனக்கு ஒரு தந்தி அடிச்சனான். இந்தக் கடிதத்துக்கு முன்னம் அது வந்திருக்கும், அதைப் பார்த்து உங்கட தோட்டத்துத் துரை சிரிச்சுமிருப்பார். சிரிக்கட்டும். ஏன் அப்பிடி அடிச்சனான் எண்டு சொல்லுறன், எனக்கு எழுத்து நேரா வராது, பொறுத்து வாசி.

போன கிழமை ஆத்துமாக்கள் திருநாள். சேமக்காலைக்குப் போய் அப்பாவின்ர குழியில புல்லுப் பிடுங்கி வெள்ளை மணல் பரவினனான், மழை வந்து பாதியைக் கொண்டுபோட்டுது. காத்துக்கு என்ர மெழுகுதிரி நிக்குதில்லை, ஒரு கையால சீலைத் தலைப்பைப் பிடிச்சு மறைச்சு மற்றக் கையால நெருப்புக்குச்சி தட்டுறன். பக்கத்துக் குழியடியில முன்வீட்டு றோஸ்மேரி. அது அவவின்ர மாமியாரின்ர குழி, மனுசி உயிரோட இருக்கேக்கை ஒரு வாய் தண்ணி குடுத்தவ இல்லை. மகன் சவிரி பக்கத்தில குடையைச் சரிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான், அவவின்ர திரி அசையாமல் எரியுது. அதை விடக் கூட எரிஞ்சது என்ர வயிறு. ஆத்துமாக்களுக்குச் செபிக்கப் போன இடத்தில நான் அந்தக் குடையைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டனான், சுவாமியார் சொன்ன ஒண்டும் காதில ஏறேல்லை.

சவிரி எப்பிடி வந்தவன் எண்டு நினைக்கிறாய், தந்தியிலதான். மதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி. இந்த வருசம் இது மூண்டாம் தரம். முதல் தரம் பலாப்பழம் திண்டு வயித்துக்குத்து, இரண்டாம் தரம் கிடுகு வந்து இறங்கினது வீடு மேய ஆள் இல்லை, இப்ப அவனுக்குப் பொம்பிளை பார்த்திருக்கிறா. தந்தி அடிச்ச அண்டு பின்னேரம் அந்தச் சீரியஸ் ஆள் கொக்கத்தடியோட முருங்கைக்காய் பிடுங்கினதை நான் என்ர கண்ணால கண்டனான். கோயிலுக்கு வரேக்கை மட்டும் மகன்ர தோளில சாய்ஞ்சுகொண்டு, பெலன் இல்லை அக்கா, கை கால் எல்லாம் சோருது எண்டு எனக்குச் சொல்லுறா. காலில அவன் வாங்கிக் குடுத்த புதுச் செருப்பு, அது மட்டும் நல்ல பெலனா டப் டப் எண்டு போகுது.

எனக்கு எரிச்சல் வாறது அவவின்ர பொய்யில இல்லை மகன், அந்தப் பொய் பலிக்குதே எண்டதிலதான். எங்கட உண்மை பலிக்கேல்லையே. மாசி மாசம் அப்பா விழுந்து கிடக்கேக்கை தபால் கந்தோர் சரிபுதீன் நானா தந்திக் கடுதாசியையும் கொண்டு தானே வீட்டை வந்தவர். கட்டிலடியில கதிரையைப் போட்டு அப்பாவுக்கு இங்கிலீஸ் வருத்தமெல்லாம் படிப்பிச்சார். ஸிக் எண்டா சுகமில்லை, வீக் எண்டா பெலன் இல்லை, சீரியஸ் எண்டா கையில இருக்கிறதைப் போட்டிட்டு ஓடி வா, சிங்கிங் எண்டா உயிர் தாழுது, சுவாமியார் தலைமாட்டில நிக்கிறார், யாகப்பர், உங்களுக்கு எதை எழுத எண்டு கேட்டார். அப்பா அந்த நிலையிலயும் சிரிச்சவர். உனக்குத் தெரியும்தானே, நண்டு நிறுக்கேக்கையும் தராசில விரல் படாத மனுசன். நான் இன்னும் கஞ்சி குடிக்கிறன் நானா, சீரியஸ் எண்டா பொய், பிள்ளை துரைக்குப் பொய்யைக் காட்டி லீவு எடுக்கப்படாது, வீக் எண்டு போடுங்கோ எண்டார். சீரியஸ் எண்டு போடுங்கோ எண்டு நான் நானாவின்ர பேனையைப் பறிக்காத குறை. ரெண்டு பேரும் கேக்கேல்லை. வீக்தானே, முட்டை அடிச்சுக் குடுக்கச் சொல்லு எண்டு துரை லீவு தரேல்லை எண்டு நீ பிறகு சொன்னனி. சீரியஸ் எண்டு வாறதையே பாதி நம்பாத ஆக்களுக்கு வீக் எந்த மூலைக்கு. அடுத்த தந்திக்கு நானா ஒருத்தரிட்டையும் சொல் கேக்கேல்லை. நீ வந்து இறங்கேக்கை குழி மூடி மாலையும் வாடிப்போச்சு. றோஸ்மேரிக்குப் பலாப்பழத்துக்குக் கிடைச்ச மகன் என்ர மனுசனுக்குச் சாகேக்கை கிடைக்கேல்லை. இதை நினைச்சுக்கொண்டு சோறு தின்னிறன், இதை நினைச்சுக்கொண்டு செபமாலை உருட்டிறன், என்ன செய்ய.

முந்தநாள் அவ படலையில நிண்டு, அக்கா நீங்களும் ஒரு சீரியஸ் அடியுங்கோவன், நாக்கு அழுகியா போகப்போகுது, தம்பி வருவான்தானே எண்டா. வாய் நிறைய வெத்திலை. அந்தப் புத்தி எனக்குள்ள புகுந்திட்டுது. நேற்று விடியத் தபால் கந்தோருக்குப் போய் மதர் சீரியஸ் எண்டு எழுதுங்கோ எண்டனான். நானா கண்ணாடியைக் கழட்டிப்போட்டு, தங்கச்சி, றோஸ்மேரி கூட ஆள் விட்டுத்தான் அடிப்பிக்கிறவ, இந்தச் சேத்துக்குள்ளால நடந்து வந்து சீரியஸ் கேக்கிற முதல் ஆள் நீர்தான் எண்டார். பகிடி விட்டாலும் எழுதினவர். எழுதி முடிச்சு உன்ர பேரை வாசிக்கேக்கைதான், அண்டைக்கு நீ பஸ்ஸால இறங்கின முகம் எனக்கு முன்னால வந்துது. சேட்டுப் பொத்தான் மாறிப் பூட்டி, ஒரு காலில செருப்பில்லாமல், ஆர் கூப்பிட்டும் கேளாமல் சேமக்காலைக்கு ஓடின பிள்ளை. பதுளையில இருந்து ரெயில் கோச்சிக்குக் கோச்சி மாறி அந்த முகத்தோட நீ இன்னொருக்கா வர, நான் இங்கை முருங்கைக்காய் பிடுங்கிக்கொண்டு நிக்கிறதோ. கிழியுங்கோ நானா எண்டு சொல்லிப்போட்டன். கிழிச்சார். பிறகு கேட்டன், தாய் சுகமா இருக்கிறா, வந்து பார் எண்டதுக்கு இங்கிலீஸ் இருக்கோ எண்டு. இல்லாமலோ, ஆனா இந்தக் கந்தோரில ஒருத்தரும் அப்பிடி அடிச்சதில்லை எண்டார். அப்ப நான் அடிக்கிறன் எண்டன். மதர் வெல் கம். அதுதான் உனக்கு வந்தது, அதில ஒரு எழுத்தும் பிழை இல்லை.

இதுக்கெல்லாம் லீவோ எண்டு துரை கேப்பார். கேட்டால் அப்பாவின்ர வீக்கை அவருக்கு ஞாபகப்படுத்து. அப்பாவை வருத்தத்தில காணக் குடுத்துவைக்கேல்லை, என்னையாவது சுகத்தில காண். நத்தாருக்குப் பிந்தாதை. கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டாமல் போடு, வெறு வயித்தில தேத்தண்ணி குடியாதை. அப்பாவின்ர ஆத்துமமும் மடு மாதாவும் உனக்கு முன்னும் பின்னும் நடந்து வரட்டும். ஒண்டை மட்டும் மறந்திடாதை, வரேக்கை பின் ஒழுங்கையால வராதை, றோஸ்மேரியின்ர படலையடியால வா. ஓடி வராதை, நடந்து வா. ஆருக்கு என்ன தம்பி எண்டு அவ கேட்டால், ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, அம்மாவைப் பார்க்க வந்தனான் எண்டு நிண்டு சொல்லிப்போட்டு வா.

உன்ர அம்மா
யா. மதலேனா