படத்தோடு போனவர்கள்

மிரோக்குட்டி,

சுகமோ என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். கடல் உன்னைக் கொண்டுபோன பிறகும் கை அதைத்தான் எழுதப் போகிறது, ராசா. அம்மா கொழும்பில் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

நான் சமைக்கிற வீட்டுத் தாரிகா, கணினியில் படங்களை இழுத்து வேறு இடத்தில் வைக்கிற முறையொன்றைச் செய்கிறா. கணினி தெரியாத ஆளுக்கும் அது விளங்க வேணுமாம். உன் முப்பத்தோராம் நாள் நினைவு அட்டைக்குப் படம் தேடினபோது, என்னையே இழுத்துப் பார்க்கச் சொன்னா. ‘அமரர் மிரோஜன்’ என்று ஒரு ஃபோல்டரும் திறந்து தந்தா.

கோயிலில் நீ முதல் நன்மை வாங்கின அன்று எடுத்த படத்தில், உன்னுடைய முகத்தை மட்டும் பிடித்து இழுத்தேன். பக்கத்தில் நின்ற அப்பாவும் தங்கச்சியும் உன்னோடு சேர்ந்து அதற்குள் போய்விட்டார்கள்.

“ஐயோ பிள்ளை, உயிரோடை இருக்கிறவையும் போயிட்டினம்!” என்று கத்திவிட்டேன்.

“பயப்பிடாதேங்கோ அக்கா, திருப்பி எடுக்கலாம். நீங்கள் பிடிச்ச உடனை முழுப் படமும் எழும்பிக் காட்டியிருக்கோணும். அது என்ரை பிழை.”

அவ கணினியில் ஒரு தட்டுத் தட்ட, எல்லோரும் திரும்பி வந்தார்கள். நீயும் வந்தாய். பிறகு உன்னை மட்டும் வெட்டித் தந்தா. அதை நானே உள்ளே வைத்தேன்.

ஊரில், அனலைதீவில், அப்பா மருந்து குடிக்கிறாரில்லையாம். அவர் கனவிலாவது வந்து குடிக்கச் சொல்லு. கறி அடுப்பில் கிடக்கிறது, போக வேணும்.

வெட்டின படத்தில், உன் தோளில் அப்பாவின் விரல்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அங்கே உன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், ராசா?